வைக்கம் ஆதித்யா படகு: எஞ்சின் வேலை பார்க்கிறவன் எழுதும் விமர்சனம்

ஆதித்யா படகைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் சூரிய ஒளி, டீசல் மிச்சம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் முதல் விஷயம் சத்தம். கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை, வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே வேம்பநாட்டுக் காயலில் ஓட்டுகிற படகு இது. 75 பேர் உட்காரலாம். ஆள் நிறைந்து போகும்போதும் பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற குரலிலேயே பேசலாம். டிக்கெட் ஒரு டீ விலையைத் தாண்டாது. நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்குள்ளேயே நிற்கிற தொழில் என்னுடையது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குமரி மாவட்டக் கடற்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். வள்ளத்துக்கு மாட்டுகிற மண்ணெண்ணெய் மோட்டார், விசைப்படகு டீசல் எஞ்சின், ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் எல்லாம் கைக்கு வரும். எங்கள் பக்கம் வருஷக்கணக்காக மோட்டார் ஓட்டுகிறவர்களில் பலருக்குக் காது மந்தம். பின்னால் கைப்பிடியைப் பிடித்து உட்காரும்போது மோட்டாரை ஒட்டி இருக்கிற காதுதான் முதலில் போகும். வீட்டில் டிவியைச் சத்தமாக வைப்பார்கள், போனை எப்போதும் மற்ற காதில் வைப்பார்கள். யாரும் இதை நோய் என்று எண்ணுவதில்லை, தொழிலோடு வந்தது என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. போன காது திரும்ப வராது.

சத்தத்தை மீட்டர் இல்லாமல் மதிப்பிட ஒரு எளிய வழி இருக்கிறது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒருவர் நிற்கிறார். அவருக்குக் கேட்க நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் சுமார் 85 டெசிபெல் அல்லது அதற்கு மேல். அந்த அளவில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் இருந்தால் காது கெடத் தொடங்கும். நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கான வரம்பு 90 டெசிபெல். டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் போல இல்லை. பத்து கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு.

டீசல் பயணிகள் படகில் ஏறினால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது. நடுவில் எஞ்சின், அதைச் சுற்றிப் பலகையோ தகரமோ அடித்த ஒரு தடுப்பு, பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் சைகையில் பேசிக்கொள்வார்கள். முன்னால் சக்கரம் பிடிக்கிற ஸ்ராங்குக்கும் எஞ்சின் பக்கத்தில் நிற்கிற டிரைவருக்கும் நடுவே ஒரு கயிறும் மணியும் இருக்கும். கரை நெருங்கும்போது ஸ்ராங்கு கயிற்றை இழுப்பார், மணி அடிக்கும், டிரைவர் வேகத்தைக் குறைப்பார். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் ஒரே படகில் சில அடி தள்ளி நிற்கிற இரண்டு பேர் வாயால் பேச முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. அந்த டிரைவர் காலையிலிருந்து இருட்டும் வரை அங்கேயேதான் நிற்கிறார். பயணிக்குக் கால் மணி நேரத் தொந்தரவு, அவருக்கு அதுவே வாழ்க்கை.

சரி, ஆதித்யாவுக்கு வருவோம். 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் சூரிய சக்திப் பயணிகள் படகு. கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் வடிவமைத்துக் கட்டியது. 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இரட்டை உடம்பு, அதாவது அடியில் பக்கம் பக்கமாக இரண்டு ஓடம், எல்லாம் ஃபைபர். கூரை முழுக்க 20 கிலோவாட் சோலார் பலகை, 50 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி, ஒவ்வொரு உடம்பிலும் ஒரு 20 கிலோவாட் மின்மோட்டார். உச்ச வேகம் 7.5 நாட். வழக்கமாக ஐந்தரை நாட் அளவில், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டரில் போகும். அக்கரை போய்ச் சேரக் கால் மணி நேரம்.

நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில், மோட்டார் இருக்கும் பக்கமாக உட்கார்ந்தேன். படகுத்துறையிலிருந்து கயிற்றை அவிழ்த்து உள்ளே எறிந்தார்கள். எஞ்சின் கிளம்பும் உதறல் வரும் என்று கால் தானாகவே தரையில் ஊன்றிக்கொண்டது. உதறல் வரவில்லை. கரை விலகுவதைப் பார்த்துத்தான் படகு நகர்கிறது என்று தெரிந்தது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் அடியிலிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம், அதற்கு மேல் புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளுகிற சலசலப்பு, இரண்டு உடம்புக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற சத்தம். இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். டீசல் படகில் அங்கே விரல் மரத்துப் போகும், இங்கே லேசான ஒரு நடுக்கம், அவ்வளவுதான். எதிர் வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். குழந்தை அக்கரை வரை தூங்கியது. பின்பக்கம் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் கணக்கு நோட்டை மாற்றி மாற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுவது ஒன்றுவிடாமல் கேட்டது.

ஏன் இப்படி என்று தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். டீசல் எஞ்சினில் சத்தத்தின் பெரிய பங்கு புகைக்குழாய் வழியாக வரும். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஒரு அடி, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில். அதைச் சைலன்சர் பிடிக்க வேண்டும். உப்புக் காற்றில் சைலன்சர் சீக்கிரம் துருவேறி ஓட்டையாகும், பலர் மாற்றுவதில்லை. அடுத்து எஞ்சினின் உடம்பு போடுகிற சத்தம். அதற்கும் அடுத்து, யாரும் கவனிக்காத ஒன்று: எஞ்சின் உட்காரும் இடத்து ரப்பர் செத்துப் போயிருந்தால் அதிர்வு அப்படியே படகின் பலகைக்கு இறங்கும், படகு முழுவதும் சேர்ந்து சத்தம் போடும். மின்மோட்டாரில் வெடிப்பு இல்லை, புகைக்குழாய் இல்லை. மிஞ்சுவது புரொப்பெல்லர் மட்டும். அதையும் மெதுவாகச் சுற்றவிட்டால் காயலில் காற்றடிக்கிற சத்தமே அதை மூடிவிடும்.

எங்கள் ஊரில் சிலர் இழுவை கூடும் என்று சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கிடைக்கிற இழுவை கைக்குக்கூடத் தெரியாது. போகிற காது நிச்சயம்.

இவ்வளவு அமைதியான படகில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பாதிக் காயல் கடந்திருப்போம். தெற்கே, அரைக் கிலோமீட்டர் தள்ளியே இருக்கும், ஒரு சுற்றுலா வேகப்படகு கிளம்பியது. புள்ளியாகத்தான் தெரிந்தது, சத்தம் மட்டும் எங்கள் படகுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், தூங்கின குழந்தை நெளிந்தது. தண்ணீர்ப் பரப்பு தட்டையானது. மரம், சுவர், மேடு என்று சத்தத்தை முறிக்க எதுவும் கிடையாது, மேலே பட்டதை விழுங்காமல் திருப்பி அனுப்பும். விடிகாலையிலும் அந்தியிலும் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தமும் வளைந்து கீழேயே வரும். அக்கரையில் பேசுவது சில நேரம் இக்கரையில் கேட்பது அதனால்தான். ஒரு அரசு இத்தனை செலவு செய்து சத்தமில்லாத படகை விட்டும், வேறொருவர் ஒரே ஒரு எஞ்சினைக் கிளப்பி மொத்தக் காயலையும் எடுத்துக்கொள்ள முடிகிறது. காயல் எல்லோருக்கும் பொது. நல்ல படகு விட்டால் மட்டும் போதாது, கெட்ட சத்தத்துக்கு ஒரு வரம்பும் வேண்டும்.

வரம்பு வைப்பது புதிய விஷயமும் இல்லை, கஷ்டமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உல்லாசப் படகுகளுக்குச் சட்டப்படி அளவு உண்டு. படகு முழு வேகத்தில் கடக்கும்போது 25 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். 10 கிலோவாட் வரைக்குமான எஞ்சினுக்கு, அதாவது சுமார் 13 குதிரைசக்திக்கு, 67 டெசிபெல். 40 கிலோவாட் வரை 72. அதற்கு மேல் 75. எஞ்சின் ஒன்றுக்கு மேல் இருந்தால் மூன்று டெசிபெல் கூடுதலாக அனுமதி. அமெரிக்காவில் பல மாநிலங்கள் வேறு விதமாகச் செய்கின்றன. போலீஸ்காரர் படகை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஒரு மீட்டர் தள்ளிச் சத்தம் அளக்கும் கருவியைப் பிடிக்கிறார். பழைய எஞ்சினுக்கு 90, புதியதற்கு 88. ஓடுகிற படகைக் கரையிலிருந்து அளந்தால் 75. படகு ஓட்டிக்கொண்டே சைலன்சரைத் தாண்டிப் புகையை வெளியே விடுகிற திறப்புகளைப் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். எஞ்சின் வேலை செய்கிறவனாக எனக்குப் பிடித்தது அந்த நின்ற இடத்துச் சோதனைதான். பெரிய கருவி வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும், படகுத்துறையிலேயே செய்யலாம்.

ஜெர்மனியில் கோனிக்சே என்று ஒரு மலை ஏரி. அங்கே 1909 முதலே பயணிகளை ஏற்றுவது மின்படகுதான். அந்தக் காலத்து பேட்டரியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை நாம் இன்று செய்ய முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

நம் நாட்டில் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. தொழிற்பகுதி, வணிகப் பகுதி, குடியிருப்பு, அமைதிப் பகுதி என்று நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பகலுக்கும் இரவுக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். குடியிருப்பில் பகலில் 55, இரவில் 45. ஏரி, காயல், ஆறு என்று ஒரு வகை அந்தப் பட்டியலில் கிடையாது. வேம்பநாடு 2002 முதல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலில், இருக்கிறது, கிழக்குக் கரையில் குமரகம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. தண்ணீரின் ஓரத்தில் வரிசையாக வீடுகளும் இருக்கின்றன. இதை எந்த வகையில் சேர்ப்பது? என்னைக் கேட்டால் குடியிருப்பு அளவையாவது காயல் கரைக்கு வைக்க வேண்டும்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு வருத்தம் உண்டு. முன்பு ஒருமுறை குடும்பத்தோடு ஆலப்புழைப் பக்கம் வீட்டுப்படகு ஒன்றில் ராத்திரி தங்கினோம். மாலையானதும் வலை போடுகிறவர்களுக்கு வழிவிட்டுப் படகுகளைக் கரையோரம் வரிசையாகக் கட்டிவிடுவார்கள். அதுவரை அருமையாக இருந்தது. அப்புறம் ஏசிக்காக ஜெனரேட்டரைப் போட்டார்கள். எங்கள் படகு மட்டும் இல்லை, வரிசையில் பல படகுகள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சத்தத்தை அடக்குகிற கூண்டின் கதவு சூடு தாங்காமல் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு எண்ணெயில் ஊறிப் பாதி உரிந்து தொங்கியது. கரையில், படகிலிருந்து பதினைந்தடிகூட இருக்காது, ஒரு வீடு. திண்ணையில் ஒரு பாட்டி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி இறங்கிப் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். “ராத்திரி எப்படித் தூங்குறீங்க அம்மா?” என்று கேட்டதற்கு, “ஜன்னலைச் சாத்திக்குவோம் மோளே, புழுங்கும், வேற என்ன செய்ய?” என்றார். நாங்கள் அந்த ராத்திரி ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டோம். ஒரு அறை நிறுத்தினால் ஜெனரேட்டர் நிற்கவா போகிறது.

கரையில் வைக்கிற டீசல் ஜெனரேட்டருக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2005 முதல் தயாராகும் செட் என்றால், 1000 கேவிஏ திறன் வரைக்கும், கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபெலைத் தாண்டக்கூடாது. கல்யாண மண்டபத்துக்கு வாங்குகிறவர்கூட அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஆனால் விற்கும்போது இருக்கிற அமைதி நாலு மழைக்காலம் தாண்டிய பிறகு இருக்காது. கதவு, பஞ்சு, சைலன்சர் மூன்றையும் யாராவது வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்நாட்டு நீர்வழியில் ஓடுகிற இயந்திரப் படகுக்கு எப்படியும் சர்வே செய்து சான்று வாங்கியாக வேண்டும். உடம்பு, எஞ்சின், உயிர்காப்பு மிதவை எல்லாம் பார்க்கிற அதே அதிகாரி கையில் ஒரு மீட்டரைக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. எஞ்சினையும் ஜெனரேட்டரையும் ஓடவிட்டு அளந்து, தாண்டினால் சரிசெய்த பிறகு சான்று. புதிய அலுவலகம் வேண்டாம், புதிய ஆள் வேண்டாம்.

“அப்படியானால் மீன்பிடிக்கிறவன் மோட்டாரையும் பிடிப்பார்களே” என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வயிற்றுப் பிழைப்புக்கு ஓடுகிற வள்ளத்தையும் பத்து நிமிஷ வேடிக்கைக்கு ஓடுகிற வேகப்படகையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஐரோப்பியச் சட்டமும் உல்லாசப் படகுகளுக்குத்தான் எழுதப்பட்டது. முதலில் வேகப்படகு, வீட்டுப்படகு ஜெனரேட்டர், அப்புறம் அரசு டீசல் படகுகள். மீனவர்களுக்கு வரும்போது அபராதச் சீட்டோடு வரக்கூடாது, மானியத்தோடு வர வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைக் கொடுத்துவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்க உதவினால் சத்தமும் குறையும், எண்ணெய்ச் செலவும் குறையும். அதை முதலில் கேட்கப் போவது காது கேட்காத எங்கள் ஆட்கள்தான்.

ஆதித்யாவில் குறை என்றால் என்ன? அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. மெதுவாகப் போவதால்தான் அந்த அமைதியும் அந்தச் சின்ன பேட்டரியும் சாத்தியம், இரண்டையும் பிரிக்க முடியாது. இன்னொன்று யோசிக்க வேண்டியது. காயலில் கக்கா என்கிற சிப்பி வாருகிறவர்கள் சின்ன வள்ளத்தில் குனிந்து வேலை செய்வார்கள், டீசல் படகு வருவது முதுகுக்குப் பின்னால் கேட்டுவிடும். சத்தமில்லாத படகு வருவது கேட்காது. இறங்கும்போது ஸ்ராங்கிடம் இதைக் கேட்டேன். “அதற்குத்தான் சேட்டா கண் இருக்கிறது, ஹாரன் இருக்கிறது. முன்னே மணிதான் அடிப்பேன், இப்போது கூப்பிட்டே சொல்லிவிடலாம், அவர்களுக்குக் கேட்கும்” என்றார். வரும் வழியில் அவர் ஒரு வள்ளக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், அவர் துடுப்பைத் தூக்கிக் காட்டியதும் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு படகிலிருப்பவர்கள் தண்ணீருக்கு மேல் பேசிக்கொள்வதை எங்கள் கடலில் நான் மோட்டாரை நிறுத்தினால்தான் பார்க்க முடியும்.

கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவிலும் போனேன். 100 பேர் போகக்கூடிய மின்படகு, குளிர்சாதனம், மெட்ரோ ரயில் போலவே கதவும் அறிவிப்பும். தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய். சுத்தம், வேகம், நேரம் எல்லாவற்றிலும் முதல் தரம். ஆனால் கண்ணாடி மூடியிருப்பதால் காயல் சத்தம் உள்ளே வராது. எனக்கு ஆதித்யாதான். காற்று முகத்தில் படுகிறது, தண்ணீர் சத்தம் கேட்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டயம், எர்ணாகுளம் இரண்டிலிருந்தும் வைக்கத்துக்கு பஸ் இருக்கிறது. அதே வழியில் டீசல் படகும் ஓடலாம், ஆகவே ஆதித்யா எப்போது என்று படகுத்துறையில் கேட்டுவிட்டு நில்லுங்கள். காலை நேரம் நல்லது, வெயிலும் குறைவு, வேகப்படகும் குறைவு. 1925 மார்ச்சில் காந்தி வைக்கத்துக்கு வந்திறங்கியதும் படகில்தான். ஊருக்குள் பெரியார் நினைவகம் இருக்கிறது, 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். படகுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம். அக்கரையில் தவணக்கடவிலிருந்து சேர்த்தலைக்கு பஸ் கிடைக்கும். முடிந்தால் ஒரு பக்கம் டீசல் படகிலும் ஒரு பக்கம் ஆதித்யாவிலும் வாருங்கள், இரண்டிலும் கடைசி வரிசையில் உட்காருங்கள். வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். ஆதித்யாவில் அவரோடு பேசிக்கொண்டே போகலாம்.